அலை உடைவது கரையில்தான்

சங்கரன்கோவிலில் கடல் இல்லை. ஆறும் இல்லை. எங்களுக்கு வாய்த்த தண்ணீரெல்லாம் கோவிலுக்குள் இருக்கும் நாகசுனையும், மழை பெய்தால் நிரம்பும் குளங்களும், தோட்டத்துக் கிணறுகளும்தான். அந்தக் கிணறுகள் ஆண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஒரு மாதத்தில் கேன் போய்விடும். அடுத்த கோடையில் மோட்டார் ரூம் மேலிருந்து கரணம் அடிப்பார்கள். எல்லாப் பையன்களுக்கும் எல்லாக் கிணறும் திறந்துவிடவில்லை. தெருவையும் சாதியையும் பார்த்துத்தான் எங்கள் பக்கம் கிணறு திறக்கும். ஆனால் எந்தத் தெருவாக இருந்தாலும், எந்தச் சாதியாக இருந்தாலும், பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கிணறு ஒரே மாதிரி மூடியிருந்தது.

மூடியிருந்தது என்றால், கிணற்றுப் பக்கமே போகக் கூடாது என்று அர்த்தம் இல்லை. போகத்தான் வேண்டும். துணி துவைக்க, குடத்தில் மொள்ள, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, சின்னதுகளைக் குளிப்பாட்ட என்று நாளுக்கு நாலு தடவை போக வேண்டும். விளிம்பில் நிற்கலாம். உள்ளே இறங்கி நீந்தத்தான் கூடாது.

1991-ஆம் ஆண்டு, எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது, என் பெரியப்பா மகள் அந்த விளிம்பிலிருந்து விழுந்து செத்துப்போனாள். பதினேழு வயது. வாளிக் கயிறு அறுந்துவிட்டது, எடுக்கப் படியில் இறங்கியிருக்கிறாள், பாசி வழுக்கிவிட்டது. ஆழம் அதிகம் இல்லை, இரண்டு ஆள் உயரம். அதே கிணற்றில் ஞாயிறுதோறும் மீனாகத் திரிகிற அவள் தம்பி அப்போது டியூஷனில் உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்கு ஊர் கேட்ட கேள்விகள் இன்னும் என் காதில் இருக்கின்றன. விழுந்தாளா, குதித்தாளா? வீட்டில் ஏதும் சண்டையா? யாரோடாவது பேச்சுவார்த்தை இருந்ததா? எங்கள் பகுதிக் கிணறுகளுக்கு அப்படி ஒரு சரித்திரம் உண்டு. தண்ணீர் எடுக்க ஒரு வழி, உயிரை விட ஒரு வழி என்று இரண்டு வழியில்தான் பெண்கள் கிணற்றை அறிந்திருந்தார்கள். அதனால் ஊருக்கு அந்தக் கேள்விகள்தான் வந்தன. போலீஸ் கேட்டது, உறவுக்காரர்கள் கேட்டார்கள், துக்கத்துக்கு வந்த பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை: தம்பிக்குத் தெரிந்த நீச்சல் அக்காவுக்கு ஏன் தெரியவில்லை?

முப்பது வருஷத்துக்கும் மேலாக நான் அந்தக் கேள்வியோடு இருந்தேன். அதற்கான பதில் போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணப்பாட்டுக் கடலில், ஒரு கயாக்கின் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் முன் இருக்கையில் இருந்தவள் என் சேக்காளி. பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தோம். அவள் தூத்துக்குடிக் கரையோரத்து மீனவர் வீட்டுப் பெண். வாசலில் நின்று கல்லெறிந்தால் கடலில் விழும். முதன்முதல் அதைக் கேட்டபோது எனக்கு வந்த பொறாமைக்கு அளவில்லை.

“ஏட்டி, அப்போ நீ நல்லா நீந்துவியா?” என்று கேட்டேன்.

“நானா? இடுப்பளவு தண்ணிக்கு மேல போனதில்ல.”

“வள்ளத்துல?”

“கரையில நின்னு மீன் பொறக்கியிருக்கேன். கூடை சுமந்திருக்கேன். கருவாடு காயப் போட்டிருக்கேன். பொம்பளப் பிள்ள வள்ளத்துல கால் வச்சா மீன் படாதுன்னு எங்க ஆச்சி சொல்லுவா.”

கடல் இல்லாத ஊரில் பிறந்த எனக்குக் கிணறு கிடையாது. கடலோரத்தில் பிறந்த அவளுக்குக் கடல் கிடையாது. ஊர் வேறு, சாதி வேறு, மதம் வேறு, தொழில் வேறு. தடை மட்டும் ஒன்று. தண்ணீர் இல்லாததால் பெண்கள் நீந்தவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீர் வாசலில் அலையடித்தாலும் நிலைமை இதுதான்.

நாற்பத்தைந்தை நெருங்கும் வயதில் இரண்டு பேரும் கயாக்கில் போகலாம் என்று முடிவெடுத்தோம். முதலில் வேறோர் ஊரில், படகு வாடகைக்கு விடும் ஓரிடத்தில் போனில் விசாரித்தோம். எதிர்முனையில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். “கூட ஜென்ட்ஸ் யாராவது வர்றாங்களா மேடம்?” இல்லை என்றேன். “அப்போ உங்க படகுல எங்க பையன் ஒருத்தனை ஏத்திவிடுறோம், அவனே துடுப்புப் போட்டுருவான், நீங்க சும்மா உக்காந்து போட்டோ எடுத்துக்கலாம்.” காசு கொடுத்துப் போகிற இடத்திலும் எங்களுக்கு ஒதுக்கப்பட்டது சும்மா உட்காரும் இருக்கைதான். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

வீட்டில் நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இந்த வயசுல எதுக்கு? நீச்சலே தெரியாதே? துணி நனைஞ்சா எப்படி வருவே? கறுத்துப் போவியே? ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யார் பதில் சொல்றது? கடைசிக் கேள்வியைக் கேட்டவர் என் சித்தப்பா. இரண்டு நாள் அதையே யோசித்தேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியது யாரிடம்? நான் செத்துப்போவதைவிட, அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிவருமே என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது. 1991-லும் கவலை அதுவாகத்தான் இருந்தது.

போவதற்கு மூன்று மாதம் முன்பு இரண்டு பேரும் அவரவர் ஊருக்குப் பக்கத்தில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தோம். பெரிதாக ஒன்றும் கற்கவில்லை. மல்லாந்து மிதக்க, மூச்சைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க, பயப்படாமல் காலை உதைக்க. அவ்வளவுதான். நாற்பது வருஷம் எங்களுக்குக் கொடுக்கப்படாத விஷயத்தைக் கற்க மூன்று மாதம் போதுமானதாக இருந்தது.

மணப்பாடு தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்று, அதன் மேல் திருச்சிலுவைக் கோவில், ஒரு பக்கம் அமைதியான கழி, இன்னொரு பக்கம் திறந்த கடல். தெற்கிலிருந்து வரும் அலை அந்த முனையைச் சுற்றி வளைந்து உள்ளே வரும். அதனாலேயே அலைச்சறுக்கு விளையாடுபவர்களுக்கு அது பிடித்த இடம். காலையில் ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை முன்னறிவிப்பைப் போனில் பார்த்தோம். ஒரு மீட்டருக்குக் குறைவான அலை. எச்சரிக்கை எதுவும் இல்லை. சேக்காளியின் தம்பியும் போனில் காற்றைச் சொல்லி, “பத்து மணிக்கு முன்னால திரும்பிருங்க” என்றான். அவனுக்கு அக்காவின் மேல் நம்பிக்கை இருந்ததா தெரியாது, தகவலாவது தந்தான்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அந்தக் கரையோரத்துப் பையன்தான். முதல் ஒரு மணி நேரம் கழியிலேயே பழக்கினான். முன்னால் இருப்பவர் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும், பின்னால் இருப்பவர் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கவிழ்ந்தால் துடுப்பை விடக் கூடாது, படகையும் விடக் கூடாது. கவிழ்ந்த படகை நிமிர்த்தி, பக்கவாட்டில் வயிறு பதியக் குப்புற விழுந்து ஏற வேண்டும். வேண்டுமென்றே நாலு தடவை கவிழ்க்கச் சொன்னான், நாலு தடவையும் ஏறினோம். அழகாக ஏறவில்லை. சேக்காளி சிரித்த சிரிப்பில் ஐந்தாவது தடவையும் கவிழ்ந்தது.

பிறகு அவன் சொன்ன ஒன்றை நான் மறக்க மாட்டேன். “அக்கா, உடம்ப வெறைப்பா வைக்காதீங்க. காலை அகட்டி முட்டிய நல்லா பதிச்சுக்கிடுங்க. இடுப்பு படகோட ஆடட்டும். தலை மட்டும் நேரா இருந்தா போதும்.”

அவன் படகைப் பற்றித்தான் சொன்னான். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காலைச் சேர்த்து உட்கார், இடுப்பை ஆட்டாமல் நட, தலையைக் குனிந்துகொள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த உடம்புகள் எங்களுடையவை. அப்படி உட்கார்ந்தால் கயாக் முதல் அலையிலேயே கவிழ்ந்துவிடும். எங்களுக்கு அடக்கம் என்று சொல்லித்தந்த இருப்பு முறை தண்ணீரில் மூழ்குவதற்கான முறை. இதை உருவகமாகச் சொல்லவில்லை. படகில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

கழியிலிருந்து கடலுக்குள் போனோம். பையன் தன் படகில் பத்தடி தள்ளி வந்தான். கரையோரத்து நுரையைத் தாண்டியதும் சத்தம் அடங்கிவிட்டது. அங்கேதான் அந்தப் பெரிய அலைகளைப் பார்த்தேன். நுரை இல்லை, இரைச்சல் இல்லை. தூரத்தில் எங்கோ வீசிய காற்றில் பிறந்து, நூற்றுக்கணக்கான மைல் உருண்டு வரும் அலை. ஸ்வெல் என்று சொல்கிறார்கள். ஒரு மேடு நகர்ந்து வருவதைப் போல வரும். முதல் மேட்டைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. சேக்காளி, “அம்மா” என்று கத்தியேவிட்டாள். படகின் மூக்கை அதற்கு நேராகத் திருப்பினேன். மேடு வந்தது. எங்களைத் தூக்கியது. ஒரு கணம் மணப்பாட்டுக் கோவிலும் தென்னைகளும் வீடுகளும் தெரிந்தன. பிறகு மெதுவாக இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டது.

அவ்வளவுதான். இரண்டாவது மேட்டுக்கு நாங்கள் பயப்படவில்லை. ஏழாவது எட்டாவதுக்குச் சேக்காளி பாட ஆரம்பித்துவிட்டாள். அரை மணி நேரம் அந்த ஏற்ற இறக்கத்தில் இருந்தோம். அவள் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்: “எங்க அப்பா தெனமும் பாத்தது இதைத்தானா பிள்ள? நாப்பத்தஞ்சு வருஷமா நான் இதோட முதுகைத்தான் பாத்திருக்கேன்.”

விபத்து நடந்தது திரும்பும்போது. கரைக்கு இருபதடி இருக்கும்போது பின்னாலிருந்து வந்த அலை படகின் வாலைத் தூக்கித் திருப்பியது. படகு குறுக்கே விழுந்தது. அடுத்த அலை எங்கள் மேல் உடைந்தது. சேக்காளி படகுக்கு அடியில் போய்விட்டாள். இரண்டு விநாடி இருக்கும். லைஃப் ஜாக்கெட் அவளை மேலே தள்ளியது. மூக்கெல்லாம் உப்புத் தண்ணீர், முழங்கையில் சிராய்ப்பு. எழுந்து நின்றோம். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

தோழியரே, எனக்குப் பதில் கிடைத்தது அந்த இடுப்பளவுத் தண்ணீரில்தான். ஆழத்தில் எங்களைத் தாலாட்டிய அதே அலைதான் கரையில் எங்களைக் கவிழ்த்தது. காரணம் எளிமையானது. ஆழத்தில் அலை உடைவதில்லை. அதன் கீழே நீர் இருக்கிறது, சுமந்துகொண்டு போகிறது. தரை மேலேறி, நீரின் ஆழம் அலையின் உயரத்தை நெருங்கும் இடத்தில்தான் அலை நிமிர்ந்து, குப்புற விழுந்து உடைகிறது. அந்த இடம் கரை. பாதுகாப்பு என்று சொல்லிப் பெண்களை நிறுத்தி வைத்திருக்கும் இடமும் அதுதான்.

இதற்குச் சாட்சி வேண்டுமா? 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை வந்த நேரத்தில் ஆழ்கடலில் படகில் இருந்த ஆண்கள் பலருக்கு அது கீழே கடந்து போனதே பெரிதாகத் தெரியவில்லை. கரையில் மீனுக்காகக் காத்திருந்தவர்கள் யார்? வீட்டில் பிள்ளைகளோடு இருந்தவர்கள் யார்? மறு ஆண்டு ஆக்ஸ்பாம் அமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி, கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர். தேவனாம்பட்டினத்தில் பெண்கள் 42, ஆண்கள் 21. பச்சையாங்குப்பத்தில் இறந்தவர்கள் அனைவருமே பெண்கள். மட்டக்களப்பில் பெண்கள் கடலில் குளிக்கும் நேரமாகப் பார்த்து அலை வந்தது. நீந்தத் தெரியவில்லை, மரமேறத் தெரியவில்லை, கையில் பிள்ளை, உடம்பில் சேலை. இதை இயற்கைச் சீற்றம் என்று மட்டும் எழுதிக் கணக்கை முடித்துவிட்டோம். அலை இயற்கை. யார் கரையில் நிற்பது, யாருக்கு நீச்சல் தெரிவது என்பது நாம் செய்த ஏற்பாடு.

ஆற்றுக்கும் இதே கணக்குத்தான். 2022 ஜூன் 5-ஆம் தேதி நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றில் ஏழு சிறுமிகளும் இளம்பெண்களும் மூழ்கி இறந்தார்கள். 2023 பிப்ரவரி 15-ஆம் தேதி கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் நான்கு பள்ளி மாணவிகள் இறந்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள். கால்பந்து விளையாடப் போனவர்கள். பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்த நாம் தண்ணீரை உதைக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. செய்தி வந்ததும் நாம் என்ன செய்தோம்? நிவாரணம் அறிவித்தோம். பிள்ளைகளை நீர்நிலைகளுக்கு அனுப்பாதீர்கள் என்று அறிவுரை சொன்னோம். கிணறும் ஆறும் கடலும் இருக்கும் நாட்டில் தண்ணீர் பக்கமே போகாமல் ஒரு பெண் எப்படி வாழ்வாள்? அவளுடைய வேலைகளில் பாதி தண்ணீர்க் கரையில் இருக்கும்போது?

மறுப்புகள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறப்பவர்களில் ஆண்கள்தான் அதிகம், ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நீச்சல் தெரிந்தவர்களும் சாகிறார்கள்தானே என்பார்கள். உண்மை. ஆண்கள் தண்ணீருக்குள் அதிகம் போகிறார்கள், குடித்துவிட்டும் போகிறார்கள், பந்தயம் கட்டியும் போகிறார்கள். அவர்கள் தண்ணீரைத் தேடிப் போய்ச் சாகிறார்கள். ஆனால் தண்ணீர் தானாகத் தேடி வந்த நாளில் கடலூரில் யார் செத்தார்கள் என்பதைப் பார்த்தோம். ஆணின் அசட்டுத் துணிச்சலுக்கு மருந்து பெண்ணின் அறியாமை இல்லை.

நீச்சல் தெரிந்தால் போதுமா என்றால், போதாது. 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். ஆண்களும் பெண்களும் அதில் இருந்தார்கள். தொலைதூரப் பெருங்கடலில் பிறந்து, உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் திருடனைப் போலக் கரையேறும் அலை அது. கள்ளக்கடல் என்று கேரளக் கரை வைத்த பெயரையே விஞ்ஞானிகளும் எடுத்துக்கொண்டார்கள். எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. எச்சரிக்கையை எங்கே பார்ப்பது, எந்த நாளில் கடலைத் தொடக் கூடாது என்பதும் நீச்சலைப் போலவே கற்க வேண்டிய பாடம். போகாதே என்பது பாடம் ஆகாது. எப்போது போகலாம், எப்போது கூடாது என்பதுதான் பாடம்.

ஆடை நனைந்தால் மானம் போகும் என்பார்கள். நனைந்த உடம்பைப் பார்ப்பவன் கண்ணில் இருக்கும் கோளாறுக்கு நனைந்தவள் உயிரை விலையாகக் கேட்காதீர்கள். இன்றைக்குக் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய நீச்சல் உடை கடையில் கிடைக்கிறது. லெகிங்ஸும் டி-ஷர்ட்டும் போதும். ஆடைதான் பிரச்சினை என்றால் அது ஒரு நாளில் தீர்ந்திருக்கும்.

கயாக்கெல்லாம் வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்பார்கள். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. மாதச் சம்பளம் வாங்குகிற நாங்கள் இரண்டு பேர் ஒரு நாள் செய்ததை எல்லோரும் செய்துவிட முடியாது. ஆனால் தண்ணீருக்குள் இறங்கும் பெண்கள் எங்களோடு தொடங்கவில்லை. ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் போய்ப் பாருங்கள். சேலைக்கு மேல் ஆண்களின் சட்டையை மாட்டி, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, பவளப் பாறைகளுக்கு நடுவே முங்கிப் பாசி எடுக்கும் பெண்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட தீவுகளின் பக்கம் போகக் கூடாது என்று தடுக்கப்பட்டபோது அமைப்பாகத் திரண்டு பேசினார்கள். அவர்களின் தலைவி, சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது. ஆக, பெண்ணுக்குக் கடல் ஆகாது என்று ஊர் சொல்வது பொய். பெண் உழைக்க இறங்கலாம், வயிற்றுக்காக முங்கலாம். மகிழ்ச்சிக்காக இறங்கினால்தான் குற்றம். பெண்ணின் ஆபத்தைப் பற்றி இவர்களுக்குக் கவலை இருந்திருந்தால், பாசிப் பெண்களுக்கு முதலில் லைஃப் ஜாக்கெட் வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

நீரில் பெண்ணின் உழைப்பை வாங்கிக்கொண்டு பயணத்தை ஆணுக்குக் கொடுப்பது இங்கே மட்டும் உள்ள வழக்கமும் இல்லை. கயாக் வட துருவப் பகுதியின் இனுயிட் மக்களின் படகு. ஆண்கள் அதில் வேட்டைக்குப் போனார்கள். சீல் தோலைப் பதப்படுத்தி, ஒரு சொட்டு நீர் புகாமல் அந்தப் படகைத் தைத்தவர்கள் பெண்கள். ஆனால் அங்கே ஊமியாக் என்ற இன்னொரு பெரிய படகும் இருந்தது. கிரீன்லாந்தில் அதைப் பெண்களின் படகு என்றே அழைத்தார்கள். பெண்கள் துடுப்புப் போட்டுக் குடும்பத்தையே ஏற்றிப் போனார்கள். நம் கரையில் பெண்களின் படகு என்று ஒன்று எங்கே?

இருக்கிறது, நாம் பார்ப்பதில்லை. 1994-இல் கடல் நீந்திய குற்றாலீஸ்வரனைத் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் இல்லை, தெரிந்திருக்க வேண்டியவர்தான். 2004-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திவந்த வங்காளத்துப் பூலா சவுத்ரியை எத்தனை பேருக்குத் தெரியும்? 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து தாரிணி என்ற பாய்மரப் படகில் புறப்பட்ட இரண்டு கடற்படைப் பெண் அதிகாரிகள், 2025 மே 29-ஆம் தேதி உலகைச் சுற்றித் திரும்பினார்கள். ஒருவர் கேரளத்தின் தில்னா, மற்றவர் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி. இரண்டே பெண்கள், ஒரு படகு, எட்டு மாதம். “கூட ஜென்ட்ஸ் வர்றாங்களா மேடம்?” என்று அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

எனவே என் கோரிக்கைகள் கடற்படை அளவுக்குப் பெரியவை அல்ல. அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் மிதக்கவும், இருபத்தைந்து மீட்டர் நீந்தவும், தானும் குதிக்காமல் மூழ்குபவருக்குத் துப்பட்டாவோ கயிறோ குடமோ வீசிக் காப்பாற்றவும் தெரிந்திருக்க வேண்டும். பணம் இல்லை என்று சொல்ல முடியாது. வங்கதேசத்தில் கிராமத்துக் குளங்களில் மூங்கில் மேடை கட்டி நாலு வயதிலிருந்தே பிள்ளைகளுக்கு உயிர் காக்கும் நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற பிள்ளைகள் நீரில் மூழ்கி இறப்பது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. மூங்கிலுக்கும் குளத்துக்கும் நமக்கு என்ன பஞ்சம்? பொது நீச்சல்குளங்களில் பெண்களுக்கு ஒதுக்கும் நேரம், தறிக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் போகும் பெண்கள் வரக்கூடிய நேரமாக இருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கப் பெண் பயிற்சியாளர்கள் வேண்டும். அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மகனைக் கிணற்றுக்குக் கூட்டிப்போகும் அப்பாக்களே, அதே கேனை மகளின் முதுகிலும் கட்டுங்கள்.

எங்கள் ஊரில் ஆடித்தபசு நடக்கும். சிவனையும் திருமாலையும் ஒருசேரக் காண வேண்டும் என்று கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தாள் என்பது கதை. அவளுடைய கால் வலியைப் பங்குபோட்டுக்கொள்வதாக நினைத்துப் பெண்கள் கோவிலை நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றுவார்கள். என் அம்மா சுற்றியிருக்கிறாள், நானும் சுற்றியிருக்கிறேன். ஒற்றைக் காலில் நின்று நினைத்ததைச் சாதித்த ஒருத்தியைக் கும்பிடும் ஊர், தன் பெண் பிள்ளைகளை இரண்டு காலும் தரையில் ஊன்றியே நிற்கச் சொல்கிறது. கல்லாக நிற்பவளின் வலியைப் பங்கு போட்டுக்கொள்கிறோமே, கிணற்றுப் படியில் நிற்பவளுக்கு என்ன செய்தோம்?

மணப்பாட்டிலிருந்து திரும்பிய இரவு சேக்காளி போன் பண்ணினாள். முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்துவிட்டு அவள் அம்மா திட்டித் தீர்த்தாராம். பிறகு விளக்கை அணைத்துப் படுத்ததும் இருட்டில் கேட்டாராம், “அந்த நொரைய தாண்டினா எப்பிடிட்டி இருக்கும்?” எழுபது வயது அவருக்கு. அறுபது வருஷமாக அந்தக் கரையில் கூடை சுமந்தவர்.

இந்தக் கோடை விடுமுறையில் என் பெரியப்பா மகனின் மகள் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நீந்தப் பழகினாள். அக்காவைத் தின்ற அதே கிணறு. அன்றைக்கு டியூஷனில் இருந்த அந்தத் தம்பி, இன்றைக்கு நரைத்த தலையோடு படியில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனாகத்தான் கேட்டான், நான் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் அவள் கேனைக் கழற்றிவிட்டு இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போய்த் தொட்டாள். அவன் ஒன்றும் பேசவில்லை. படியில் இருந்த பாசியைக் காலால் தேய்த்துக்கொண்டே நின்றான். பிறகு, “இன்னொரு தடவ” என்றான்.